நார்ச்சத்து பவுடர்: ஐந்து டப்பா வாங்கியதில் எங்கள் வீட்டில் நின்றது எது?

போன ஆடியிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிக்கு ஐந்து நார்ச்சத்து டப்பாக்கள் வந்திருக்கின்றன. இரண்டு மட்டும்தான் இன்னும் அங்கே இருக்கின்றன. ஒன்று இசப்கோல் உமி, ஒரு செடியின் விதை மேல்தோல். 100 கிராம், விலை 150 ரூபாய்க்குள். இன்னொன்று கொத்தவரை விதையிலிருந்து எடுத்த நார். அது ஆயிரம் ரூபாயை நெருங்கியது. மற்ற மூன்றையும் ஏன் விட்டேன், இந்த இரண்டையும் ஏன் வைத்திருக்கிறேன் என்று எழுதுகிறேன். மலச்சிக்கலைப் பற்றி வாய்விட்டுப் பேச நம்மில் பலருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தால் நான் இரண்டு வருடம் வலியோடு நடமாடினேன். அதனால் இங்கே எதையும் மறைக்கப் போவதில்லை.

எனக்கு வயது 49. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். காலை ஒன்பதே காலுக்கு உள்ளே போனால் மாலை நாலே காலுக்குத்தான் வெளியே வருவேன். நடுவில் கழிப்பறைக்குப் போக மனசு வராது, போனாலும் நேரம் இருக்காது. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். உணர்வு வந்தாலும் அடக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போவேன். இருபது வருடம் இப்படியே ஓடியது. ஸ்டாஃப் ரூமில் விசாரித்தால் பாதிப் பேருக்கு இதே கதைதான். ஒருநாள் காலையில் ரத்தம் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் பரிசோதித்துவிட்டு, மூலம் இல்லை, ஆசனவாயில் வெடிப்பு என்றார். பூச ஒரு களிம்பு, தினம் இரண்டு வேளை இடுப்பளவு வெந்நீரில் உட்காருவது. அதோடு, "டீச்சர், நார்ச்சத்தக் கூட்டுங்க, தண்ணியக் கூட்டுங்க, முக்காதீங்க. மலம் இளகினாத்தான் இந்தப் புண் ஆறும்" என்றார். அந்தக் கடைசி வரியைத்தான் நான் இந்த ஆறு மாதமாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி, ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையை வைத்துக்கொண்டு என் ஒருநாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டேன். காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் டிபன் பாக்ஸில் வெள்ளைச் சோறு, சாம்பார், ஒரு கரண்டி பொரியல். ராத்திரி இரண்டு தோசை. நடுவில் இரண்டு காபி. எப்படிக் கூட்டினாலும் நார் 14 கிராமைத் தாண்டவில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும், அதுவும் சாப்பாட்டிலிருந்தே வரவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் ஏழு கிராம் நார் இருக்கிறது. நூறு கிராம் கொய்யாவில் ஐந்து கிராமுக்குக் குறையாது. சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு கொய்யாவும் எனக்கு விழுந்த பள்ளத்தை அடைத்துவிடும். பவுடர் விமர்சனம் எழுத வந்தவள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்படியென்றால் பவுடர் எதற்கு? இரண்டு காரணம். வெடிப்பு இருக்கும்போது அடுத்த வாரத்துக்குள் மலம் இளகியாக வேண்டும். சாப்பாட்டுப் பழக்கம் மாறி அது உடம்பில் தெரியும்வரை காத்திருக்க வலி விடவில்லை. இரண்டாவது, என் அம்மா. 76 வயது. பல்செட். சுண்டலை மெல்ல முடியாது, கொய்யா விதை செட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை வேறு சாப்பிடுகிறாள்; அது வயிற்றைக் கட்டுகிற மாத்திரை. மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் அவளுக்குப் போகும். அதைக்கூட என் பிரச்சினையைச் சொன்ன பிறகுதான் அவள் என்னிடம் சொன்னாள்.

மெடிக்கலில் போய் ஃபைபர் பவுடர் கேட்டேன். கடைப் பையன் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தான். "டீச்சர், இது புரோபயாடிக், இது பிரீபயாடிக். ரெண்டுமே வயித்துக்குத்தான். பிரீதான் இப்ப நல்லா ஓடுது" என்றான். அவன்மேல் குற்றமில்லை, பெயர்கள் அப்படி. புரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர். தயிரில் இருக்கிற மாதிரி. பிரீபயாடிக் என்பது நம் பெருங்குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குப் போடும் தீனி. 1995-இல் கிளென் கிப்சன், மார்செல் ராபர்ஃப்ராய்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வைத்த பெயர் அது. பெயர்தான் புதிது. தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஒருவகைச் சிறு சர்க்கரைச் சங்கிலிகள். குழந்தைக்கு அவை செரிக்காது. குழந்தையின் குடலில் வளரும் பிஃபிடோபாக்டீரியாவுக்குத்தான் அவை சாப்பாடு. இதைப் படித்த அன்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தாயின் பால் பிள்ளைக்கு மட்டும் சுரப்பதில்லை, பிள்ளையின் வயிற்றில் குடிவரப்போகிற பாக்டீரியாவுக்கும் சேர்த்தே சுரக்கிறது.

அந்தப் பிரீபயாடிக் பெட்டிதான் என் முதல் டப்பா. பின்பக்கத்தில் ஒரே ஒரு பொருள்: சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலின். தினம் 10 கிராம் என்று போட்டிருந்தது. வெள்ளைப் பொடி, லேசாக இனிக்கும். காலை ஏழு மணிக்கு வெந்நீரில் கரைத்தேன். கட்டி தட்டாமல் கரைந்தது. குடிக்க ஒரு கஷ்டமும் இல்லை. மூன்றாவது பீரியட் பன்னிரண்டாம் வகுப்புக்கு லேப். பிள்ளைகள் பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணி வாக்கில் அடிவயிறு கல் மாதிரி இறுகத் தொடங்கியது. காற்று. வெளியேற்றவும் முடியாத இடம், நிற்கவும் முடியாத வலி. சேலைக் கொசுவத்தை இறக்கிக் கட்டிக்கொண்டு, லேப் மேசையைப் பிடித்தபடி நின்றேன். முதல் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி "மிஸ், உக்காருங்க மிஸ், நாங்க பாத்துக்கிடுதோம்" என்று ஸ்டூலைத் தள்ளி வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

ஏன் இப்படி ஆகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. இனுலின் என்பது ஃப்ரக்டோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. அந்தப் பிணைப்பை உடைக்க நம்மிடம் நொதி கிடையாது. சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலில் இறங்கியதும் பாக்டீரியாக்கள் அதை வேகவேகமாக நொதிக்க வைக்கின்றன. ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கிளம்புகின்றன. அதே நொதித்தலில்தான் அசிட்டேட், புரொப்பியனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களும் உண்டாகின்றன. வெண்ணெய் கெட்டால் வரும் நாற்றம் பியூட்டிரிக் அமிலத்துடையது என்று வருடா வருடம் வகுப்பில் சொல்கிறேன். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். ஆக, இனுலினால் நன்மை இருக்கிறது என்பது உண்மை. சிக்கரி இனுலின் தினம் 12 கிராம் எடுத்தால் மலங்கழிப்பு சீராகும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் ஏற்றிருக்கிறது. என் புகார் ஒன்றுதான். பழக்கமில்லாத குடலுக்கு முதல் நாளே பத்து கிராம் போடக் கூடாது. ஒன்றிரண்டு கிராமில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். அந்த ஒரு வரி டப்பாவில் எங்குமே இல்லை. ஒரு மாதம் கழித்து 2 கிராமில் மறுபடி தொடங்கினேன். 4 கிராம்வரை தாங்கியது. அதற்கு மேல் மறுபடி ஊதியது, நிறுத்திவிட்டேன். வெங்காயத்திலும் பூண்டிலும் இதே இனுலின் இருக்கிறது. அதை என் குடல் ஒன்றும் சொல்வதில்லை.

சிக்கரி என்றதும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "நாம தினம் காபியில குடிக்கது சிக்கரிதானே, அதுல வராதா?" நல்ல கேள்வி. அதே வேர்தான். ஆனால் காபிக்குப் போடும் சிக்கரியைக் கருக வறுக்கிறார்கள். அந்தச் சூட்டில் இனுலின் கணிசமாகச் சிதைந்துவிடும், கருப்பு நிறமும் கசப்பு மணமும் அதில் பிறப்பதுதான். ஃபில்டரில் இறங்கும் காபியை நார்ச்சத்துக் கணக்கில் சேர்க்க முடியாது.

இரண்டாவது டப்பா ஒரு சூரணம். உடன் வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி வாங்கினேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் இயற்கை நார்ச்சத்து என்று இருந்தது. ராத்திரி ஒரு தேக்கரண்டி, விடிகாலை ஐந்து மணிக்கே வேலை முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டாவது வாரம் வயிற்றை முறுக்கத் தொடங்கியபோதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் படித்தேன். இசப்கோலுக்கு அடுத்த வரியில் சென்னா இலை.

சென்னா என்றால் நிலவாகை. திருநெல்வேலிக்காரிக்கு இதை இன்னொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகத்து மருந்து நூல்களில் இதற்கு 'டின்னவெல்லி சென்னா' என்று எங்கள் ஊர்ப் பெயரே உண்டு. இந்தப் பக்கத்துச் செம்மண்ணிலும் கரிசலிலும் மானாவாரியாக வளர்ந்து, இலையும் காயுமாக மூட்டை கட்டித் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடு போகிற சரக்கு. என் தாத்தா வீட்டு முற்றத்தில் நிழலில் உலர்த்தியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மருந்து. ஆனால் அது மருந்து, நார் இல்லை. அதிலுள்ள சென்னோசைடு குடலின் தசையைத் தூண்டித் தள்ளச் செய்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை செய்யும். இசப்கோல் மாதிரி நார் வேலை செய்ய அரை நாளிலிருந்து மூன்று நாள்வரை ஆகும். வாங்கிய பொருள் ஒரே ராத்திரியில் கதவைத் திறந்துவிட்டால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். டாக்டர் சொல்லி, சொன்ன நாள்வரைக்கும் நிலவாகை எடுப்பதில் தப்பில்லை. நார் என்ற பெயரில் தெரியாமல் தினம் எடுப்பதுதான் தப்பு. இந்த டப்பாவுக்கு நான் ஒரு மதிப்பெண்ணும் கொடுக்க மாட்டேன். வேலை செய்யாததால் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதை முன்பக்கம் மறைத்ததால்.

இதற்குள் நான் உஷாராகிவிட்டேன். ஒரு சனிக்கிழமை, சமையல் மேடையில் மூன்று எவர்சில்வர் டம்ளரை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் 200 மில்லி தண்ணீர். தராசில் ஐந்தைந்து கிராம் நிறுத்தேன்: முதலாவதில் மிச்சமிருந்த இனுலின், இரண்டாவதில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய இசப்கோல் உமி, மூன்றாவதில் மகனுக்காக வாங்கி வைத்திருந்த கொத்தவரை நார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இனுலின் கரைந்து லேசாகக் கலங்கிய தண்ணீராக நின்றது. கொத்தவரை நார் இருந்த இடமே தெரியவில்லை. டம்ளரின் அடியிலிருந்த கம்பெனி முத்திரையைத் தண்ணீர் வழியாகப் படிக்க முடிந்தது. நாக்கில் வைத்தாலும் ருசி இல்லை. இசப்கோல்தான் பார்க்க வேண்டிய காட்சி. போட்டவுடன் மீன் செதில் மாதிரி வெள்ளை வெள்ளையாக மேலே மிதந்தது. கலக்கினேன். ஒரு நிமிஷத்தில் செதில்களின் ஓரம் கண்ணாடியாகத் தொடங்கியது. மூன்றாவது நிமிஷம் கரண்டி கனத்தது. கால் மணி நேரத்தில் தனியாகத் தண்ணீர் என்று ஒன்று அங்கே இல்லை. டம்ளரைச் சாய்த்தேன், மொத்தமும் ஒரே உருண்டையாக, இளநுங்கு வழுக்குகிற மாதிரி மெதுவாக நகர்ந்தது.

"ஏட்டி, என்னட்டி இது, வடிகஞ்சி விறைச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா. "அஞ்சு கிராம் உமியா இவ்ளோ தண்ணியையும் குடிச்சிச்சு?"

அதுதான் விஷயம். மூன்று டப்பாவிலும் முன்பக்கம் நார்ச்சத்து என்ற ஒரே சொல்தான். தண்ணீரில் போட்டால் மூன்றும் மூன்று பொருள். இனுலினும் கொத்தவரை நாரும் பாக்டீரியாவுக்கு உணவாகிவிடுகின்றன. பாக்டீரியா தின்று தீர்த்தபின் தண்ணீரைப் பிடித்து வைக்க அங்கே மிச்சம் அதிகம் இருக்காது. இசப்கோலை நம்மாலும் செரிக்க முடியாது, பாக்டீரியாவும் அவ்வளவாகத் தொடாது. பிடித்த தண்ணீரை விடாமல் கடைசிவரை கொண்டுபோகும். மலம் ஈரமாகவே இறங்கும். இதே குணத்தால்தான் வயிற்றுப்போக்கிலும் அது உதவுகிறது. அங்கே மிஞ்சியிருக்கும் தண்ணீரைப் பிடித்துக் கெட்டியாக்கும். கறாராகப் பார்த்தால் மூன்றில் பிரீபயாடிக் என்ற பெயருக்கு ரொம்பக் குறைவான உரிமை உள்ளது இசப்கோலுக்குத்தான். என் வெடிப்புக்கு வேண்டியிருந்ததோ தண்ணீர். பாக்டீரியாவுக்குத் தீனி போடுவது அப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் இரண்டு மாதமும் ஏறக்குறைய ஆயிரம் ரூபாயும் செலவழித்துவிட்டேன்.

இசப்கோல் குஜராத், ராஜஸ்தான் பக்கத்துப் பயிர். குஜராத்தின் மேசாணா மாவட்டத்து ஊஞ்சா சந்தை சீரகத்துக்கும் இதற்கும் பேர் போனது. உலகத்துக்கே பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போகிறது. அமெரிக்காவில் ஆரஞ்சு வாசனை சேர்த்துப் பெரிய டப்பாவில் விற்கும் மெட்டாமியூசில்கூட இதே உமிதான். பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது, குதிரைக் காது என்று பொருள் சொல்கிறார்கள். விதையைப் பார்த்தால் அந்தக் காது வடிவம் தெரியும். வாசனையும் சர்க்கரையும் சேர்க்காத வெறும் உமியை வாங்குங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை எல்லையில் இருப்பதால் ஆரஞ்சு வாசனை டப்பாவை நான் தொடவில்லை. அதில் பாதிக்கு மேல் சீனி இருந்தது.

நான் எடுக்கும் முறை இது. முதல் வாரம் ராத்திரி மட்டும் ஒரு தேக்கரண்டி. என் தராசில் அது ஏறக்குறைய 2 கிராம். இரண்டாவது வாரம் இரண்டு தேக்கரண்டி. இப்போது மூன்று. பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் போட்டு, இரண்டு சுற்றுக் கலக்கி, விறைக்கும் முன்னே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் அரை டம்ளர் வெறும் தண்ணீர். பள்ளிக்கு ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுபோகிறேன், காலியாகத்தான் திரும்பக் கொண்டுவருகிறேன். தண்ணீர் இல்லாமல் இசப்கோல் எடுத்தால் சிக்கல் தீராது, கூடும்.

பலன்? மூன்றாம் நாள் காலையில் கழிப்பறையில் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் மருத்துவர்கள் உருவாக்கியது, மலத்தை ஏழு வகையாகப் படம் போட்டுக் காட்டும். ஒன்று என்றால் ஆட்டுப் புழுக்கை, ஏழு என்றால் வெறும் தண்ணீர், நாலு என்றால் வழவழப்பான வாழைப்பழம். நாட்காட்டியில் தினமும் எண் குறித்தேன். ஆடி முழுக்க 1, 2. இசப்கோல் தொடங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து 3, 4. ஏழாவது வாரம் டாக்டர் பார்த்துவிட்டு வெடிப்பு மூடிவிட்டது என்றார். களிம்புக்கும் வெந்நீருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் தினமும் கீறாமல் விட்டதால்தானே புண் மூடியது?

அம்மா விஷயத்தில் ஒரு தப்பு நடந்தது. அதைச் சொல்லாமல் யாருக்கும் இசப்கோலைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டாம் நாள் ராத்திரி நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா தானே எடுத்துக்கொள்கிறேன் என்று போனாள். அந்தக் கொழகொழப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் உமியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மாத்திரை விழுங்குகிற மாதிரி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்திருக்கிறாள். அடுக்களையிலிருந்து செருமல் சத்தம். ஓடிப்போனால் கண்ணெல்லாம் தண்ணீர், கை நெஞ்சில்.

"தொண்டையில நிக்குட்டி... இறங்க மாட்டங்கு."

மூச்சு விட்டாள், பேசினாள், அதுவே எனக்குத் தெம்பு. உட்கார வைத்து, முதுகை நிமிர்த்தினேன். அவளே இருமி இருமி வெளியே கொண்டுவந்தாள். உள்ளங்கையளவு பசை. அந்த டம்ளர் சோதனையில் நடந்ததெல்லாம் தொண்டைக்குள் நடந்திருந்தால்? அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. வயதானவர்களுக்குக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து பக்கத்தில் நின்று கொடுங்கள். உமியை உலர்ந்தபடி வாயில் போடவே கூடாது. படுத்துக்கொண்டும் குடிக்கக் கூடாது. விழுங்குவதில் சிரமம் இருப்பவர்கள், உணவுக்குழாய் சுருங்கியவர்கள், முன்பு குடலடைப்பு வந்தவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது.

இன்னொன்றும் அம்மாவால் கற்றுக்கொண்டேன். அவள் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறாள். இசப்கோல் தண்ணீரை மட்டும் பிடிப்பதில்லை. மாத்திரையையும் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யலாம். அதனால் எந்த மாத்திரைக்கும் இதற்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். எங்கள் வீட்டில் தைராய்டு காலை ஆறுக்கு, இரும்புச்சத்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இசப்கோல் ராத்திரி எட்டுக்கு. இப்போது இளஞ்சூடான தண்ணீரில் ஒரே ஒரு தேக்கரண்டி, நான் பக்கத்தில் நிற்கக் குடிக்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறது. 76 வயதில் அது அவளுக்குப் போதும். "வயிறு லேசா இருக்குட்டி" என்று மாலை நடைக்கும் கிளம்பிவிடுகிறாள்.

கொத்தவரை நாரைப் பற்றிக் கொஞ்சம். மகனுக்கு 21 வயது, கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவனுக்கு என் பிரச்சினையின் மறுபக்கம்: பரீட்சை வந்தால் காலையில் நாலு தடவை ஓட்டம், வயிற்றைப் பிடுங்கும் வலி. எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு ஐ.பி.எஸ்., அதாவது குடல் எரிச்சல் நோய் என்றார்கள். கரையும் நாரை முயற்சி செய்யச் சொன்னார் டாக்டர். இசப்கோல் கொழகொழப்பை விடுதி அறையில் வைத்துக் குடிக்க முடியாது என்று அவன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். இனுலின் இந்த நோய்க்காரர்களுக்கு வாயுவைக் கிளப்பும் ரகம். விசாரித்ததில் வந்ததுதான் கொத்தவரை நார்.

நாம் பருப்பு உசிலி செய்யும், வற்றல் போடும் அதே கொத்தவரைதான். முற்றிய விதையை அரைத்தால் கிடைக்கும் கோந்து பயங்கரமாகத் தடிக்கும். ஐஸ்கிரீமில் போடுவது அதுதான். அந்த நீளச் சங்கிலியை நொதியால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினால் தடிக்காத, ருசியில்லாத, மெதுவாக நொதிக்கும் நார் ஆகிறது. மெதுவாக நொதிப்பதால் காற்று குறைவு. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் சன்ஃபைபர் இந்த வகைதான். குடல் எரிச்சல்காரர்களுக்கான உணவு முறையை வகுத்த மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகம் அதற்குச் சான்று கொடுத்திருக்கிறது. கொத்தவரையை உலகத்திலேயே அதிகம் விளைவிப்பது நம் நாடு, அதிலும் ராஜஸ்தான். அந்த நார் டப்பாவில் ஏறி இந்த விலையில் நம்மிடமே திரும்ப வருவது எனக்கு வருத்தம்தான்.

மகன் தினம் 5 கிராம் மோரில் கலந்து குடிக்கிறான். "அம்மா, போட்டதே தெரியல" என்றான். ஐந்து வாரம் கழித்து நாலு தடவை இரண்டானது. வலி முழுசாகப் போகவில்லை. செமஸ்டர் நேரத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது. அவனுக்கு இதைத் தொடர்வேன். எனக்கும் அம்மாவுக்கும் வாங்க மாட்டேன். ஒரு வாரம் நானும் குடித்துப் பார்த்தேன், வயிறு ஊதவில்லை, மலத்தில் பெரிய மாற்றமும் இல்லை.

ஐந்தாவது டப்பா, பிள்ளைகள் சாப்பிடும் ஜெல்லி மிட்டாய் வடிவத்தில் வரும் ஃபைபர் கம்மீஸ். இரண்டு மிட்டாயில் மூன்று கிராம் இனுலின், கூடவே சீனி. அரைக் கொய்யா அதைவிட மேல். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கடையில் நின்றுகொண்டு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: பெட்டியைத் திருப்பி, எந்த நார் என்று பாருங்கள். "ஃபைபர் பிளெண்ட்" என்று மொட்டையாக இருந்து எது எத்தனை கிராம் என்று இல்லாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். இந்தப் பொருட்கள் மருந்துக்கானவை அல்ல என்று பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி; அந்த வரியை நானும் முதலில் கவனிக்கவில்லை. ரத்தம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று மாறிய பழக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் போக வேண்டியது டாக்டரிடம். நான் ரத்தம் பார்த்து இரண்டு நாளில் போனேன். அதற்கு முந்தைய இரண்டு வருட வலிக்கே போயிருக்க வேண்டும்.

இசப்கோல் வாங்குகிறவர்களுக்கு ஒரு கடைசிக் குறிப்பு. அட்டைப் பெட்டியில் வருவதை அப்படியே வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் எங்கள் முதல் பெட்டி காற்றிலிருந்த ஈரத்தையே குடித்துக் கட்டியாகிவிட்டது, கால்வாசியைக் கொட்டினேன். இப்போது இறுக்கமான மூடி போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது, உள்ளே காய்ந்த தேக்கரண்டி ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். ஈரக் கரண்டியை உள்ளே விடக் கூடாது என்று அம்மா பாட்டில் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்.